கல்லூரி வாசல் ப்ராஜெக்ட் கடைகள்: எதற்குப் போகலாம், எதற்குப் போகவே கூடாது

மதுக்கரையைத் தாண்டி வாளையார் போகிற சாலையிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்திலும் கல்லூரிக்கு எதிரே இப்படி ஒரு கடை கட்டாயம் இருக்கும். பலகையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஜெராக்ஸ், டி.டி.பி., ஸ்பைரல், தீசிஸ் பைண்டிங், ப்ராஜெக்ட் வொர்க் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பலகையில் எழுதாத சேவைகளும் உண்டு: ஒப்புமை அறிக்கை (நம் எழுத்து பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தருவது), அந்தச் சதவீதத்தைக் குறைத்தல், ரெக்கார்டு எழுதித் தருதல், வருகைப்பதிவு குறைந்தவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ். மார்ச் பிறந்துவிட்டால் இந்தக் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது.

இங்கே எந்தத் தனிக் கடையையும் எடைபோடவில்லை. எல்லாக் கடைகளும் ஏறத்தாழ ஒரே சேவைகளைத்தான் விற்கின்றன என்பதால் சேவைகளை எடைபோடுவதுதான் மாணவருக்குப் பயன்படும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அச்சும் கட்டும் (பைண்டிங்) நம்பி வாங்கலாம், நன்றாகவே செய்கிறார்கள். ஒப்புமை அறிக்கைக்குக் கொடுக்கிற காசு வீண், சில நேரம் அதுவே வம்பாகிவிடும். சதவீதம் குறைத்தல், ரெடிமேட் ப்ராஜெக்ட், எழுதித் தரும் ரெக்கார்டு, மருத்துவச் சான்றிதழ் இவற்றைத் தொடவே கூடாது. ஏன் என்பதுதான் கீழே உள்ளதெல்லாம்.

அச்சும் கட்டும்

வேலைத் தரத்தில் குறை சொல்ல முடியாது. கெடுவது பெரும்பாலும் நாம் கொண்டுபோகிற கோப்பால்தான். வேர்டு கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக் கணினியில் நாம் பயன்படுத்திய எழுத்துரு இல்லாதபோது அது வேறொன்றைத் தானாகப் போட்டுக்கொள்ளும். லதா எழுத்துருவில் தட்டியது நிர்மலா எழுத்துருவில் திறந்தால் வரிகளின் நீளம் மாறும், 84 பக்கம் 87 ஆகும், பொருளடக்கத்தில் உள்ள பக்க எண் ஒன்றுகூடப் பொருந்தாது. மலையாள மேற்கோள் உள்ள ஆய்வேடுகளில் இன்னும் மோசம்; கார்த்திகா போன்ற மலையாள எழுத்துரு இல்லாத கணினியில் அந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக வரும். வீட்டிலேயே பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்கின்றனவா என்று பண்புகள் பகுதியில் பார்த்துவிட்டு அதை மட்டும் கொண்டுபோங்கள். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கி, 100 சதவீத அளவில் அச்சிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஓரங்கள் மாறிவிடும்.

ஓரம் முக்கியம். அண்ணா பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் அறிக்கை மாதிரியில் மேல் ஓரம் 30 முதல் 35 மி.மீ., கீழே 25 முதல் 30, இடது பக்கம் 35 முதல் 40, வலது பக்கம் 20 முதல் 25. இடது பக்கம் மட்டும் இவ்வளவு விடச் சொல்வது கட்டுக்காக. தைத்து ஒட்டும்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். 25 மி.மீ. மட்டும் விட்டிருந்தால் வரியின் முதல் எழுத்தைப் படிக்கப் புத்தகத்தைப் பிளக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று இங்கே உண்டு. அதே மாதிரிப்படி அட்டை தடித்த வெள்ளை ஆர்ட் தாளில், கறுப்பு எழுத்தில் இருந்தால் போதும். ஆனால் போய் நின்றதும் "ரெக்ஸின் போட்டு கோல்டு எழுத்து அடிச்சிரலாம் தம்பி, எல்லாரும் அதான் பண்றாங்க" என்பார்கள். அழகாகத்தான் இருக்கும், காசும் பல மடங்கு. உங்கள் பல்கலைக்கழகமோ துறையோ வேறு வழக்கம் வைத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி மாறும். துறை கொடுத்த மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டர் கொடுங்கள், கடைச் சுவரில் மாட்டியிருக்கும் போன வருடத்து மாதிரியைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஒரு பிரதியை மட்டும் முதலில் அச்சிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டிய சான்றுப் பக்கம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு மற்றதைப் போடச் சொல்லுங்கள். கட்டுக்கு ஒரு முழு நாள் தேவை. பசை காயாமல் அட்டையை மடக்கினால் முதுகு பிளந்துகொள்ளும். கடைசி நாள் மாலை வாங்குகிற பிரதிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

ஒப்புமை அறிக்கை

இனி விஷயத்துக்கு வருவோம். கடையில் இதை 'ப்ளாகியரிசம் ரிப்போர்ட்' என்று விற்கிறார்கள். கோப்பை அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் வண்ண வண்ணமாக அடிக்கோடிட்ட ஒரு பி.டி.எஃப். வரும், மேலே ஒரு சதவீதம் இருக்கும்.

இது உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 ஜூலையில் கொண்டுவந்த கல்வி நேர்மை விதிமுறைகளில் உள்ள சதவீதப் படிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த விதிமுறை முதுநிலை ஆய்வேடு, முனைவர் பட்ட ஆய்வேடு, வெளியிடும் கட்டுரை, நூல் போன்றவற்றுக்கானது. அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை அதன் வரையறையே வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவரிடம் "யு.ஜி.சி. ரூல்படி பத்துக்குள்ள இருக்கணும்" என்று சொல்லிக் காசு வாங்குவது தவறான தகவல். இளநிலை ப்ராஜெக்டுக்கு உங்கள் கல்லூரி என்ன அளவு வைத்திருக்கிறதோ அதுதான் அளவு. சில துறைகள் 20 கேட்கும், சில துறைகள் 30 கேட்கும், சில இடத்தில் அறிக்கையே கேட்பதில்லை. துறையில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு அந்தப் படிகள் இவை. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலக்கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியைத் தருவதற்கே ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. மறுபடியும் செய்து மாட்டினால் ஒரு படி மேலே உள்ள தண்டனை. பட்டம் வாங்கிய பிறகு வெளியே வந்தாலும் தப்பிக்க முடியாது, பட்டத்தை நிறுத்தி வைக்கலாம் என்று விதி சொல்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறி யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கின்றன, ஆகவே பத்து ஆண்டு கழித்தும் ஒருவர் கண்டுபிடிக்கலாம்.

எதை எண்ணக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. உரிய அனுமதியோடும் மூலத்தைக் குறித்தும் எடுத்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகளும் சமன்பாடுகளும். பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் சொற்றொடர், தொடர்ந்து 14 சொல் வரை, கணக்கில் வராது. மறுபக்கம், ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் இவற்றில் ஒப்புமையே இருக்கக் கூடாது. மொத்தம் 8 சதவீதம்தான் வந்திருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்த 8 எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முடிவுரையில் விழுந்திருந்தால் அந்த 8 சதவீதமும் பிரச்சினைதான்.

இப்போது கடை அறிக்கை ஏன் உதவாது என்பது புரியும். ஆய்வேட்டோடு மாணவர் கொடுக்கும் உறுதிமொழியில், நிறுவனம் ஏற்றுக்கொண்ட மென்பொருளால் சோதிக்கப்பட்டது என்று இருக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் யாரிடமிருந்தோ வாங்கிய கணக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்டது ஆகாது. பல்கலைக்கழக நூலகத்தில் இதே சோதனை இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ கிடைக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையம்) 2019 செப்டம்பரில் தொடங்கிய ஷோத்சுத்தி திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இந்த மென்பொருள் மையமாகவே வாங்கித் தரப்படுகிறது. முதலில் உர்குண்ட் இருந்தது, பிறகு ட்ரில்பிட் வந்தது. சில நிறுவனங்கள் டர்னிடின் வைத்திருக்கின்றன. நெறியாளர் வழியாகவோ துறை ஒருங்கிணைப்பாளர் வழியாகவோ கோப்பை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நூலகத்தில் வரிசை இருக்கும், ஒரு வாரம்கூட ஆகலாம். கடை ஓடுவதே அந்த ஒரு வாரத்தால்தான்.

வீண்செலவு என்பதோடு போனால் பரவாயில்லை. இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. டர்னிடினில் கோப்பை ஏற்றும்போது, அதைக் களஞ்சியத்தில் சேமிக்கலாமா வேண்டாமா என்று ஒரு தேர்வு உண்டு. சேமிக்கும்படி விட்டுவிட்டால் உங்கள் ஆய்வேடு அந்தக் களஞ்சியத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். பின்பு நூலகர் அதே கோப்பைச் சோதிக்கும்போது ஏற்கெனவே உள்ள பிரதியோடு ஒத்துப்போய் 90, 95, சில நேரம் 100 சதவீதம் காட்டும். மூலம் என்ற இடத்தில் வேறொரு நிறுவனத்துக்குச் சமர்ப்பித்த மாணவர் தாள் என்று வரும். அது உங்களுடையதேதான் என்று நிரூபிக்கிற பாடு உங்களுடையது. அந்தப் பதிவை நீக்கவேண்டுமென்றால் ஏற்றிய கணக்கின் நிறுவனம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியூர்க் கல்லூரிக் கணக்கை யாரோ வாடகைக்கு விட்டிருக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது? முன்பே கடையில் ஏற்றிவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் நெறியாளரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கிவிட்டு மீதியைப் பார்க்க நூலகரால் முடியும்.

அடுத்தது அமைப்பு. குறைந்தபட்சம் இத்தனை சொல் தொடர்ந்து ஒத்தால்தான் எண்ணு என்று மென்பொருளில் ஒரு எண்ணை இட முடியும். விதிப்படி அங்கே 14 போட வேண்டும். கடையில் அதை 40, 50 என்று ஏற்றி வைத்தால் 34 சதவீதம் 6 ஆகிவிடும். மாணவர் மகிழ்ச்சியோடு போவார், நூலகத்தில் 14 போட்டதும் பழைய 34 திரும்பி வரும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எவையெல்லாம் விலக்கப்பட்டன என்று சின்ன எழுத்தில் இருக்கும். யார் அறிக்கை கொடுத்தாலும் முதலில் அங்கே பாருங்கள். மேலே உள்ள எண்ணையே திருத்தித் தருகிற கடைகளும் இருக்கின்றன. முகப்பில் உள்ள சொல் எண்ணிக்கை, பக்க எண்ணிக்கை, சமர்ப்பித்த தேதி உங்கள் கோப்போடு பொருந்தாவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். சமர்ப்பிப்பு எண்ணை வைத்து உண்மையா பொய்யா என்று கல்லூரி கண்டுபிடித்துவிடும். அப்போது ஒப்புமைக்கான கேள்வி போய், போலி ஆவணத்துக்கான கேள்வி வரும்.

டர்னிடின் நிறங்களைப் பற்றியும் ஒரு தெளிவு. நீலம் என்றால் ஒப்புமை எதுவும் இல்லை, பச்சை 24 சதவீதம் வரை, மஞ்சள் 25 முதல் 49, ஆரஞ்சு 50 முதல் 74, சிவப்பு 75-க்கு மேல். பச்சை வந்ததும் தேறிவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆய்வேட்டில் 22 என்றால் நிறம் பச்சைதான், விதிப்படி அது திருத்தித் தர வேண்டிய படியில் கிடக்கிறது.

குறைத்துத் தருதல்

"அண்ணா, பத்துக்குக் கீழ கொண்டு வரணும்." "வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்." இந்த இரண்டு வரிக்குப் பின்னால் நடப்பது மூன்று வகை.

ஒன்று, எழுத்து மாற்று. ஆங்கிலச் சொல்லில் உள்ள ஓர் எழுத்துக்குப் பதில் அதேபோலத் தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போடுவது, சொற்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைச் செருகுவது, பத்தியையே படமாக ஒட்டுவது. மாற்றிய எழுத்தையும் மறைந்த எழுத்தையும் டர்னிடின் கொடி போட்டுக் காட்டுகிறது. ஒப்புமையாவது கவனக்குறைவு என்று சொல்லித் தப்பலாம், இது திட்டமிட்ட மோசடி என்பதற்கு உங்கள் கோப்பே சாட்சி.

இரண்டாவது, மென்பொருளில் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் இடுவது. இது உலகம் முழுக்க அறிவியல் இதழ்களையே கெடுத்த வியாதி. ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ் என்றும், பிரெஸ்ட் கேன்சர் என்பது பூசம் பெரில் என்றும் வெளியான கட்டுரைகளை 2021-இல் ஆய்வாளர்கள் தேடித் தேடி அம்பலப்படுத்தினார்கள். தமிழில் இதே வேலையைக் கையால் செய்கிறார்கள். ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம்.

மூலம்: பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி, இதன் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கோவைச் சமவெளிக்குள் நுழைகிறது.

கடையிலிருந்து திரும்பி வருவது: பாலக்காட்டுக் கணவாய் மேற்றிசைத் தொடர் வெற்பில் அமைந்த விசாலமான வெற்றிடம்; இதனூடாகத் தென்மேல்திசைப் பருவ வளி கோவைச் சமதளத்தினுள் பிரவேசிக்கிறது.

மென்பொருள் இதை விட்டுவிடலாம். நெறியாளர் விடமாட்டார். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, மூலத்தின் பெயர் இல்லை, 'வெற்பு' என்று எழுதும் மாணவர் அடுத்த பத்தியில் 'மலை' என்று எழுதுகிறார். வாய்மொழித் தேர்வில் "இந்த வெற்றிடம் என்றால் என்னம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

சரியான வழி இதுதான்: மூலத்தைப் படித்து, மூடி வைத்துவிட்டு, அது உங்கள் ஆய்வுக்கு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். 'கணவாய் வழியே வரும் பருவக்காற்றைப் பற்றி இன்னார் (ஆண்டு, பக்கம்) சொல்வது கோவைச் சமவெளியை மனத்தில் வைத்தது. கொழிஞ்சாம்பாறைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை மூன்றாம் இயலில் உள்ள மழையளவு அட்டவணையில் காணலாம்.' இதில் மூலமும் இருக்கிறது, ஆய்வாளரும் இருக்கிறார். இப்படி எழுதிய பத்தியில் சதவீதம் தானாக இறங்கும். ஒரு நாளைக்கு நான்கைந்து பக்கம்தான் திருத்த முடியும். 30 சதவீதத்தை 10-க்குள் கொண்டுவர இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது வகை, செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டு மொத்தமாக மாற்றி எழுதுவது. டர்னிடின் 2023 ஏப்ரலில் அதற்கும் ஒரு கண்டறியும் வசதி கொண்டுவந்தது. குறைந்தது 300 சொல் தொடர் உரைநடை இருந்தால்தான் அது கணக்கிடும். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் காட்டும், ஏனென்றால் அந்த அளவில் தவறாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம். தானே எழுதியவரையும் அது சந்தேகிக்கலாம். அதற்குக் காப்பு, வேலை நடந்த தடம்: தேதியிட்ட வரைவுகள், குறிப்பேடு, ஆய்வுக்காக நிரப்பி வாங்கிய வினாப்படிவங்கள், கூகுள் டாக்ஸில் உள்ள பதிப்பு வரலாறு. கடையில் கொடுத்து வாங்கிய ஆய்வேட்டுக்கு இதில் ஒன்றும் இருக்காது.

தமிழ் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு

சித்தூர், பாலக்காடு அரசுக் கல்லூரிகளில் தமிழ் படிப்பவர்களும் கோவையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்களும் கடை டி.டி.பி.யை நம்பித்தான் இருக்கிறார்கள். அங்கே இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிற பழக்கம் போகவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். சோதனை மென்பொருள் படிப்பது அந்த ஆங்கில எழுத்துகளை. உலகில் எந்த வாக்கியத்தோடும் அது ஒத்துப்போகாது, 0 அல்லது 1 சதவீதம் வரும். "பாத்தீங்களா, ஜீரோ!" என்று கடையில் கையில் கொடுப்பார்கள். அந்த அறிக்கைக்கு மதிப்பே இல்லை, விவரம் தெரிந்த நூலகர் திருப்பி அனுப்பிவிடுவார்.

தட்டச்சுக்குக் கொடுக்கும்போதே யுனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பாமினியில் இருந்தால் எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு யுனிகோடாக்கலாம், ஆனால் மெய்ப்புப் பார்க்காமல் விடக் கூடாது. இடையில் வந்த ஆங்கிலச் சொல் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும். மேற்கோள் குறி, இடைக்கோடு காணாமல் போயிருக்கும். பி.டி.எஃப்.-இல் வேறொரு சிக்கல் உண்டு: சில மென்பொருள்களில் உருவாக்கிய பி.டி.எஃப்.-இலிருந்து உரையை எடுத்தால் கொம்பும் எழுத்தும் இடம் மாறிப்போகும். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'கோவை' என்பது 'கோவை' என்றே வந்தால் சரி. இல்லையென்றால் சோதனைக்கு வேர்டு கோப்பையே கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழில் அச்சான நூல்களில் பெரும்பகுதி எந்த மென்பொருளின் களஞ்சியத்திலும் இல்லை. மலையாள ஆய்வேட்டைத் தமிழாக்கி வைத்தாலும் மென்பொருள் கண்டுபிடிக்காது. எல்லைப் பகுதியில் அந்த ஆசை வருவது இயல்பு, இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாம். ஆனால் இங்கே நெறியாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் இரண்டு மொழியும் தெரியும். பிறர் உழைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதுதான் கருத்துத் திருட்டு என்று விதி வரையறுக்கிறது, மொழி மாறியதால் அது மாறாது. மொழிபெயர்த்து எடுத்தால் 'மலையாளத்திலிருந்து தமிழாக்கம் ஆய்வாளருடையது' என்று அடிக்குறிப்பு இடுங்கள். அப்போது அது குற்றமாக இல்லாமல் உங்கள் ஆய்வேட்டின் பலமாகிவிடும்.

ரெடிமேட் ப்ராஜெக்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ப்ராஜெக்ட் நான்கைந்து கல்லூரிக்குத் தலைப்பு மாறிப் போகிறது. தேர்வாளர் "நிரலில் இந்த ஒரு நிபந்தனையை மாற்றி ஓட்டிக் காட்டு" என்றதும் முடிந்துவிடும். ரெக்கார்டு எழுதித் தருவதும் அப்படித்தான்: கையெழுத்து விடைத்தாளோடு பொருந்தாது.

வருகைப்பதிவுக்கான தாள்கள்

கடையின் இழுப்பறையில் இருக்கும் இன்னொரு சரக்கு, பெயர் மட்டும் எழுதாத மருத்துவச் சான்றிதழ். இதை வாங்க வருபவர்களில் பாதிப் பேர் ஊர் சுற்றியவர்கள் அல்ல, ரயிலில் வருகிற பிள்ளைகள். அதனால்தான் இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலவக்கோட்டிலிருந்து (பாலக்காடு சந்திப்பு) கோவைக்கு வரும் பாதையில் வாளையாருக்கும் எட்டிமடைக்கும் நடுவே யானைகளுக்காக வேகக் கட்டுப்பாடு உண்டு. வண்டி கொஞ்சம் பிந்தினாலும் முதல் மணி நேரம் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மொத்தம் 450. தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 338 வேண்டும், 112 வரை விடலாம். தினமும் முதல் மணி நேரம் மட்டும் தவறினால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமலே 90 போய்விட்டது. மிச்சம் 22. அதற்குமேல் முழு விடுப்பு ஐந்து நாளைத் தாண்டினால் 75 உடையும். சில கல்லூரிகளில் காலை, மாலை என்று அரை நாளாகப் பதிகிறார்கள். அங்கே முதல் மணி நேரம் தவறினால் அரை நாள் போகும், தினமும் பிந்துகிறவர் 50-இல் வந்து நிற்பார். உங்கள் கல்லூரி எப்படிப் பதிகிறது என்பதைச் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

75-க்குக் கீழே போனால் எல்லாம் முடிந்தது என்றில்லை. அண்ணா பல்கலைக்கழக விதியில் 65 முதல் 75 வரை உள்ளவர்கள் மருத்துவமனையில் இருந்தது, விபத்து, விளையாட்டுப் போட்டி போன்ற காரணத்தைக் காட்டித் தேர்வு எழுத அனுமதி கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் மன்னிப்பு இல்லை, அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். கேரளத்தில் 2023 ஜனவரியில் மாதவிடாய் விடுப்பாக மாணவிகளுக்கு 2 சதவீதம் தளர்த்தி 73 போதும் என்று ஆணை வந்தது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலில் செய்ததை அரசு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் விரித்தது. 450-இல் அது 9 மணி நேரம். சித்தூரில் படிக்கும் அக்காவுக்கு இது உண்டு, எட்டிமடைப் பக்கம் படிக்கும் தங்கைக்கு இந்த ஆணை செல்லாது. எந்தப் பக்கம் வீடு என்பதைவிட எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு என்பதே கணக்கு.

உண்மையான மருத்துவச் சான்றிதழ் எப்படி இருக்கும்? மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, சான்றிதழில் நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, முகவரி, குறைந்தது ஓர் அங்க அடையாளம் இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவெண் இருக்க வேண்டும். அவர் ஒரு பதிவேடும் பிரதியும் வைத்திருக்க வேண்டும். இழுப்பறைத் தாளில் அங்க அடையாளத்துக்கு இடமே இருக்காது. கல்லூரி அலுவலகம் ஒரு போன் போட்டு "இந்தத் தேதியில் இப்படி ஒருவருக்குக் கொடுத்தீர்களா?" என்று கேட்டால் பதிவேட்டில் பெயர் இருக்காது. போலி என்று தெரிந்தே ஓர் ஆவணத்தை உண்மையானதுபோலக் கொடுப்பது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவில் வரும் குற்றம். பத்து மணி நேர வருகைக்காக இதில் இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

ரயில் பிந்துவதற்கு மருந்துச் சீட்டு எதற்கு? மாதச் சீட்டின் நகலோடு, வண்டி எண்ணையும் அது பிந்திய தேதிகளையும் எழுதி, பருவம் தொடங்கிய முதல் மாதத்திலேயே வகுப்பு ஆசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் கடிதம் கொடுங்கள். முதல் மணி நேரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் பதியவோ, அந்தப் பாடத்தை மாலை வேறு பிரிவோடு ஈடுகட்டவோ துறையால் முடியும். பருவம் முடிந்த பிறகு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. உண்மையாகவே காய்ச்சலில் கிடந்தால், திரும்பி வந்த மூன்று நாளுக்குள் சான்றிதழைக் கொடுத்து நகலில் தேதியிட்ட கையெழுத்து வாங்கி வையுங்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., போட்டி என்று போகும்போது ஓ.டி. கடிதத்துக்கு (கல்லூரி சார்பில் வெளியே போவதற்கான ஆன் ட்யூட்டி கடிதம்) போவதற்கு முன்பே அனுமதி வாங்கிவிட வேண்டும். தளர்வு கேட்கும் விண்ணப்பப் படிவம் துறை அலுவலகத்திலேயே கிடைக்கும். கடையில் அதற்குப் போட வேண்டியது இரண்டு ஜெராக்ஸ் மட்டும்.